ஃபோல்டருக்குள் ஒரு பியானோ

ஆஃபெக்ஸ் ட்வின் என்கிற ரிச்சர்ட் டி. ஜேம்ஸின் ‘ட்ரக்ஸ்’ ஆல்பம் 2001 அக்டோபர் 22 அன்று வெளியானது. 2 சிடி, 30 டிராக், சுமார் 100 நிமிடம். அதற்கு முந்தைய முழு ஆல்பம் 1996இல் வந்தது. நடுவில் ‘கம் டு டாடி’ (1997), ‘விண்டோலிக்கர்’ (1999) என்று இரண்டு சிறு வெளியீடுகள். இரண்டுக்கும் கிறிஸ் கன்னிங்ஹாம் எடுத்த வீடியோக்களில் ஜேம்ஸின் கோரச் சிரிப்பு முகம் குழந்தைகள் உடம்பிலும் பெண்கள் உடம்பிலும் ஒட்டிக்கொண்டு அலைந்தது. போதாததற்கு, ‘விண்டோலிக்கர்’ சிடியிலிருந்த இன்னொரு டிராக்கை ஸ்பெக்ட்ரோகிராம் மென்பொருளில் போட்டால் அதே முகம் படமாகத் தெரிகிறது என்று ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். காதால் கேட்டது போதாமல் கண்ணாலும் தோண்டிப் பார்க்கிற கூட்டம். இவர்களை ஐந்து வருடம் காக்கவைத்தால் எதிர்பார்ப்பு எங்கே போய் நிற்கும்?

வந்ததைக் கேட்டுவிட்டு அவர்களில் நிறைய பேர் சொன்னதன் சாரம் இதுதான்: புதுசா ஒண்ணும் இல்லையே.

விமர்சகர்கள் பலரும் அதையே கொஞ்சம் மரியாதையாக எழுதினார்கள். வெட்டித் துண்டாக்கிய வேகமான டிரம்ஸ், அவரே 1996-97இல் செய்தது. சின்னச் சின்ன பியானோ துண்டுகளில் எரிக் சாட்டியின் ஜாடை. கம்பிகளுக்கு நடுவே திருகாணியும் ரப்பரும் செருகி வாசிக்கும் பியானோ, ஜான் கேஜ் 1940களிலேயே செய்துமுடித்த வேலை. இதோடு ஒரு கதையும் சேர்ந்துகொண்டது. வெளியிடாத டிராக்குகள் இருந்த எம்பி3 பிளேயரை விமானத்தில் மறந்துவிட்டதாகவும், அவை கசிவதற்குள் தானே வெளியிட்டுவிடலாம் என்று முடிவெடுத்ததாகவும் ஜேம்ஸ் சொன்னார். பேட்டிகளில் அடித்துவிடுவதில் அவர் பேர்போனவர். கதை உண்மையோ பொய்யோ, ரசிகர்களுக்கு அது வாக்குமூலம் மாதிரி ஆகிவிட்டது. ஓஹோ, பழைய சரக்கைத் தள்ளிவிட்டிருக்கிறார்!

இந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அதே 2001இல்தான் ஆட்டெக்கரின் ‘கன்ஃபீல்ட்’ வந்தது. தாளம் என்று நாம் நினைத்திருப்பதையே உதிர்த்துப்போட்ட ஆல்பம். ஃபென்னஸின் ‘எண்ட்லெஸ் சம்மர்’ வந்தது. கிடாரை லேப்டாப்பில் போட்டு அரைத்து, அந்தத் தூளிலிருந்து மெலடியை எடுத்தார் மனுஷன். இவற்றுக்குப் பக்கத்தில் வைத்தால் ‘ட்ரக்ஸ்’ ஒலி அளவில் ஒரு படி பின்னால்தான் நிற்கிறது. அதை மறைத்துவிட்டு இந்த ஆல்பத்துக்கு வக்காலத்து வாங்க முடியாது.

என் சண்டை அந்தக் கேள்வியோடுதான். ஒரு வயலின் கலைஞரின் கச்சேரிக்குப் போகிறவர், வயலினில் இந்த வருடம் என்ன மாற்றம் என்று கேட்பதில்லை. எலக்ட்ரானிக் இசைஞர்களிடம் மட்டும் கேட்கிறோம். அவர்கள் கையில் இருப்பவை மாடல் எண் போட்ட கருவிகள், மென்பொருள்கள். கருவி வருடாவருடம் மாறுகிறது, அப்போ இசையும் அப்டேட் ஆகணும் இல்லையா? நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ஏதாவது ஒன்றின் புதுப் பதிப்பு வந்தால், என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியலைத்தான் முதலில் திறப்பேன். என் வேலைக்கு அது சரியான பழக்கம். 2001இன் எதிர்வினைகளில் பெரும்பகுதி, அப்படியொரு பட்டியலைத் தேடிக் கிடைக்காத எரிச்சல் என்றே நினைக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஆல்பத்தின் டிராக் பெயர்களிலேயே பதிப்பு எண்கள் இருக்கின்றன. ‘காக்/வெர்10’, ‘ஏஎஃப்எக்ஸ்237 வி.7’, ‘மெல்ட்ஃபேஸ் 6’, ‘ஜிகோமேட்டிக் 17’. யார் கம்ப்யூட்டரில்தான் ‘ஃபைனல்’, ‘ஃபைனல்2’, ‘ஃபைனல்_இதுதான்’ என்று கோப்புகள் இல்லை? கேட்பவருக்காக யோசித்துச் சூட்டிய பெயர்களாக இவை தெரியவில்லை. வேலை பாதியில் இருக்கும்போது சேமித்து வைத்த பெயர்கள் மாதிரி இருக்கின்றன. இடையிடையே கார்னிஷ் சொற்கள், ஜேம்ஸ் வளர்ந்த கார்ன்வாலின் செத்துப் பிழைத்த மொழி. அதற்கும் நடுவில் ‘லோர்னாடெரெக்’ என்று அரை நிமிடம்: அவருடைய அம்மாவும் அப்பாவும் ஆன்சரிங் மெஷினில் பாடி வைத்த பிறந்தநாள் வாழ்த்து. ஒரு ஆளின் ஃபோல்டரைத் திறந்தால் இப்படித்தான் இருக்கும். அடுத்த பதிப்பைக் கேட்டவர்களிடம் அவர் ஃபோல்டரைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

அந்த ஃபோல்டருக்குள்தான் ‘அவ்ரில் 14’ இருக்கிறது. சுமார் இரண்டு நிமிடம், வெறும் பியானோ. 2006இல் சோஃபியா கப்போலாவின் ‘மேரி அன்டுவானெட்’ படத்தில் வந்தது. 2010இல் கன்யே வெஸ்ட் அதை எடுத்து ‘பிளேம் கேம்’ பாட்டைக் கட்டினார். ஆஃபெக்ஸ் ட்வினை இந்த ஒரு துண்டின் வழியாக மட்டுமே அறிந்தவர்கள் இன்று ஏராளம்.

நம் ஊரில் இதற்கு ரெடிமேட் விளக்கம் ஒன்று உண்டு: கேட்கக் கேட்கத்தான் பிடிக்கும். ரஹ்மான் பாட்டுகளுக்கு முப்பது வருடமாகச் சொல்லிவருவது. இங்கே அது செல்லாது. ‘அவ்ரில் 14’ முதல் தடவையே பிடித்துவிடும். பிடிக்காமல் போக அதில் எந்தத் தடையும் இல்லை. 2001இலும் பிடித்திருக்கும். பிடித்தது கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான். நல்லாத்தான் இருக்கு, ஆனா இதை யார் வேணும்னாலும் வாசிக்கலாமே என்ற மனநிலைக்கு முன்னால் அந்த அழகுக்கு மதிப்பெண் இல்லை.

யார் வேண்டுமானாலும் என்ன, இதை யாருமே வாசிக்கவில்லை. டிஸ்கிளேவியர் என்ற யமஹா பியானோவில் பதிவு செய்தது இது. கம்பியும் சுத்தியும் உள்ள அசல் பியானோதான். ஆனால் கம்ப்யூட்டர் அனுப்பும் கட்டளைப்படி, உள்ளே இருக்கும் மின்காந்தங்கள் கட்டைகளை இயக்கும். ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள், நோட்டுகளுக்குப் பின்னால் அந்தப் பொறி அசையும் டக் டக் கேட்கும். ஆல்பத்தைத் தொடங்கும் டிராக்கின் பெயர் ‘ஜின்வெய்தெக்’. கார்னிஷில் இயந்திரம் சார்ந்தது என்று பொருள். சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார். புதுமை கேட்டவர்கள் இதைப் பழைய பியானோ என்று ஒதுக்கினார்கள். பின்னால் வந்தவர்கள், அப்பாடா, மெஷின்காரர் ஒருவழியாக மனுஷனாகப் பேசிவிட்டார் என்று உருகினார்கள். இரண்டு தரப்பும் கேட்டது விரலே இல்லாத வாசிப்பை.

எனக்கு இரண்டாவது தரப்புதான் அதிகம் உறுத்துகிறது. ஏமாந்தவர்களாவது 100 நிமிடத்தையும் உட்கார்ந்து கேட்டுவிட்டு ஏமாந்தார்கள். உருகுகிறவர்கள் இரண்டு நிமிடத்தைப் பிய்த்து எடுத்துக்கொண்டார்கள். ‘ட்ரக்ஸ்’ வந்த மறுநாள், அக்டோபர் 23, ஆப்பிள் ஐபாடை அறிமுகப்படுத்தியது. அதன் பிறகு பிய்ப்பது சுலபமாகிக்கொண்டே போனது. காலேஜ் ஹாஸ்டலில் லேன் வழியாக இந்த ஆல்பம் என்னிடம் வந்தபோது டிராக் எண்களே இல்லை, ஆங்கில அகரவரிசையில் கிடந்தது. அந்த வரிசையில் ‘அவ்ரில் 14’ இதமாக இருந்தது, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

சிடியில் அது ஒன்பதாவது. எட்டாவது ‘காக்/வெர்10’: ஆசிட் சிந்தசைசர் நெளிந்துகொண்டே இருக்க, ஐந்து நிமிடத்துக்கு டிரம்ஸ் ஓர் இடத்தில் நிற்காது. பத்தாவது ‘மவுண்ட் செயின்ட் மைக்கேல் + செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்ட்’: எட்டு நிமிடம், இன்னும் அடர்த்தி. நடுவில் அந்தப் பியானோ. முந்தைய டிராக்கின் வேகம் காதில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போது வருவதால், முதல் சில நோட்டுகள் எதையோ காணோம் என்பதுபோலக் கேட்கின்றன. பிறகு அந்த டக் டக் காதில் விழுகிறது. ஐந்து நிமிடம் பழகிய காது அதையும் டிரம்ஸாகவே எடுத்துக்கொள்கிறது. சாட்டியும் பிரேக்பீட்டும் ஒரே ஆளின் ஒரே விதமான பொறுமையிலிருந்து, கட்டத்துக்குக் கட்டம் நிரப்பிச் செய்யும் அந்த வேலையிலிருந்து வருகின்றன என்பது பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரிகிறது. ‘ட்ரக்ஸ்’இல் எனக்குப் புதுசாகப் பட்டது இந்த அடுக்குதான். தனித்தனி ஒலி எதுவும் புதிதல்ல.

அடுக்கு எல்லா இடத்திலும் கைகொடுக்கவில்லை. ‘குவாரெக் 2’ ஒரு முறை பயமுறுத்தும், மறுமுறை தள்ளிவிடத் தோன்றும். இரண்டாம் சிடியின் பிற்பகுதியில் வரும் வேக டிராக்குகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துச் சொல்ல எனக்கே பல வருடம் பிடித்தது. நீளம் பற்றிய புகாரை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

13 வருடம் கழித்து, 2014இல், அதே பெயரில் அடுத்த ஆல்பமாக ‘சைரோ’ வந்தது. அதிலும் கேள்விப்படாத ஒலி என்று பெரிதாக ஒன்றுமில்லை. கடைசி டிராக் பியானோகூட. ஆனால் வரவேற்பு அமோகம், அடுத்த வருடம் கிராமி விருது. அத்தனை வருடம் ஆளைக் காணாததில் கேள்வியே மாறிவிட்டது: "புதுசா என்ன?" போய் "வந்துட்டாரா?" ஆகிவிட்டது. இந்தக் கேள்விக்கு ஒரு ஆல்பம் பதில் சொல்வது ரொம்பச் சுலபம்.

இப்போது ‘க்யூகேடிஎச்ஆர்’ முறை. இரண்டாம் சிடியில் ஒளிந்திருந்த, ஆர்மோனியம் மூச்சிழுப்பது போன்ற ஒன்றரை நிமிடத் துண்டு. டிக்டாக்கில் சோகத்துக்கான பின்னணியாகிவிட்டது. 2001இல் பிறந்திருக்காதவர்கள்கூட அதைக் கேட்டுக் கலங்குகிறார்கள். கலங்கட்டும். அந்தச் சிடியில் அதற்கு முன்னால் இருப்பது அந்தப் பிறந்தநாள் வாழ்த்து. அந்தக் குரல்கள் ஓய்ந்த பிறகுதான் துருத்தி மூச்சு விட ஆரம்பிக்கிறது. அது அடங்கியதும் வருவது ‘மெல்ட்ஃபேஸ் 6’, ஆறு நிமிடம். வால்யூமைக் குறைக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள்.