துணி முகக்கவசம்: சான்றுகள் சொல்வதும் சொல்லாததும்

துணி முகக்கவசம் வைரஸ் பரவலைக் குறைக்குமா என்ற கேள்விக்கு இரண்டு உரத்த விடைகள் புழங்குகின்றன. ஆய்வகத்தை நம்புவோர், இழை துகளைப் பிடிக்கிறது, ஆகவே காக்கும் என்கிறார்கள். களச் சோதனைகளை நம்புவோர், பயன் நிறுவப்படவில்லை, ஆகவே வீண் என்கிறார்கள். இரு தரப்பும் தம் சான்றால் தாங்க முடியாத எடையை அதன்மேல் ஏற்றுகின்றன. ஒவ்வொரு ஆய்வும் எதை அளந்தது, எதை அளக்கவில்லை என்று பிரித்துப் பார்த்தால்தான் தீர்ப்புக்கு வழி பிறக்கும்.

சிக்கலின் அடிப்படை நூறாண்டுக்கு முன்பே தெளிவாகிவிட்டது. 1918இல் இன்ஃப்ளுயன்சா பரவியபோது சான்பிரான்சிஸ்கோ நகரம் காஸ் துணிக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. கலிஃபோர்னியச் சுகாதாரத் துறையைச் சேர்ந்த கெல்லாக், மெக்மில்லனுடன் சேர்ந்து 1920இல் வெளியிட்ட சோதனை முடிவு இன்றும் செல்லும். துணியின் அடுக்கும் நெருக்கமும் கூடினால் துகள்கள் அதிகம் தடைபடும். ஆனால் மூச்சு விடுவது கடினமாகி, காற்று துணியை ஊடுருவாமல் விளிம்பு வழியே நழுவிவிடும். வடிகட்டலுக்கும் சுவாசத்துக்கும் இடையிலான இந்த இழுபறியைத் தீர்க்காத எந்தத் துணிக் கவசமும் அரைக் கருவிதான்.

வைரஸ் ஏறத்தாழ 0.1 மைக்ரான், நெசவின் துளையோ அதைவிடப் பன்மடங்கு பெரிது, ஆகவே துணி பயனற்றது என்பது மேலோட்டமான வாதம். துணி வெறும் சல்லடையாக இயங்குவதில்லை. வைரஸ் தனியாக மிதப்பதும் இல்லை. எச்சில் திவலைகளிலும் நுண்துளிகளிலும் பயணிக்கிறது. பெரிய திவலை நேராக இழையில் மோதி நிற்கிறது. மிக நுண்ணிய துகள் தாறுமாறாக அலைந்து இழையில் ஒட்டுகிறது. துணி தடுமாறுவது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவில்தான். மருத்துவக் கவசத்தின் நடு அடுக்கான பாலிப்ரொப்பிலீனில் உள்ள மின்னூட்டம் அந்த இடைவெளியை நிரப்புகிறது. பருத்திக்கு அந்த வசதி கிடையாது.

2020 ஏப்ரலில் வெளியான கோண்டா குழுவினரின் ஆய்வக அளவீடு, நெருக்கமான பருத்தியுடன் பட்டு அல்லது ஷிஃபான் சேர்ந்தால் 300 நானோமீட்டருக்குக் குறைந்த துகள்களிலும் 80 சதவீதத்துக்கு மேல் தடைபடும் என்றது. துணிவகையையும் துகளளவையும் தனித்தனியே பிரித்து அளந்தது அதன் சிறப்பு. அளந்த காற்றோட்டம் உண்மையான சுவாசத்துக்கு ஈடானதா என்ற ஐயம் எழுந்தது அதன் குறை. அதே கட்டுரையின் இன்னொரு முடிவு, கவசம் முகத்தில் சரியாகப் பொருந்தாவிட்டால் வடிகட்டுதிறன் 60 சதவீதத்துக்கு மேல் சரியக்கூடும் என்கிறது. முதல் எண்ணை மட்டும் மேற்கோள் காட்டியவர்கள் கட்டுரையைப் பாதிதான் படித்திருக்கிறார்கள்.

களச் சோதனைகளில் மூத்தது, 2011இல் ஹனோய் நகரின் 14 மருத்துவமனைகளில் சுமார் 1,600 சுகாதாரப் பணியாளர்களிடம் மெக்கின்டயர் குழுவினர் நடத்தி 2015இல் வெளியிட்ட சமவாய்ப்பு முறைச் சோதனை. துணிக் கவசம் அணிந்தோரிடம் காய்ச்சல், இருமல் வகை நோய் மருத்துவக் கவசம் அணிந்தோரைவிட 13 மடங்கு என்றது அது. துணி வழியே ஏறத்தாழ 97 சதவீதத் துகள்கள் ஊடுருவின என்றும் கண்டது. துணிக் கவசத்தை முறையாகச் சோதித்த துணிவுக்குப் பாராட்டு உரியது. ஆயினும் அதன் நம்பக இடைவெளி, அதாவது உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை, 1.69 முதல் 100க்கு மேல் வரை விரிகிறது. அவ்வளவு அகலமான இடைவெளியில் 13 என்ற எண்ணுக்குத் தனி மதிப்பு இல்லை. அதைவிட முக்கியமாக, ஒப்பீட்டுக் குழுவினரும் வழக்கம்போலக் கவசம் அணிந்தவர்களே. ஆகவே மருத்துவக் கவசத்தைவிடத் துணி தாழ்ந்தது என்பதற்கே இச்சோதனை சான்று. துணி வெறும் முகத்தைவிடத் தாழ்ந்தது என்று இதிலிருந்து வாதிடுவது பிழை. 2020இல் அதே தரவைத் திரும்ப ஆராய்ந்தபோது, மருத்துவமனைச் சலவையில் துவைத்த துணிக் கவசம் மருத்துவக் கவசத்துக்கு நிகராக நின்றது. பணியாளரே கையால் துவைத்தபோதுதான் ஆபத்து கூடியது. பின்னோக்கிய பகுப்பாய்வு என்பதால் இதற்கு முழு மதிப்பெண் தர முடியாது. என்றாலும் துவைக்கும் முறையையும் சேர்த்தே கருவியை மதிப்பிட வேண்டும் என்று அது உணர்த்துகிறது.

அளவில் பெரியது 2020 நவம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை வங்கதேசத்தின் 600 கிராமங்களில், 3,42,000க்கு மேற்பட்ட பெரியவர்களிடம் அபலுக், முபாரக் குழுவினர் நடத்திய சோதனை. ஊரையே அலகாகக் கொண்டதால் அணிபவர் பெறும் காப்பும் அவர் பிறருக்குத் தரும் காப்பும் ஒருங்கே அளவிடப்பட்டன. இது முறையியலில் உண்மையான முன்னேற்றம். கவசம் அணிவோர் 13 சதவீதத்திலிருந்து 42 ஆக உயர்ந்தனர். அறிகுறியோடு ரத்தப் பரிசோதனையிலும் உறுதியான கோவிட்-19 தொற்று, அறுவைக் கவசம் எனப்படும் மருத்துவக் கவசம் வழங்கிய ஊர்களில் சுமார் 11 சதவீதம் குறைந்தது. துணி வழங்கிய ஊர்களில், கவசம் வழங்காத ஊர்களோடு ஒப்பிட்ட தொற்று விகிதம் 0.94, நம்பக இடைவெளி 0.78 முதல் 1.10 வரை. அதாவது கணிசமான பயனுக்கும் இடமுண்டு, பயனே இன்மைக்கும் இடமுண்டு. குறைகளும் சிறியவை அல்ல. அணிவதை ஊக்குவித்த ஊர்களில் மக்கள் இடைவெளி விட்டு நிற்பதும் கூடியது. எது எதன் விளைவு என்று பிரிப்பது கடினம். பின்னர் தரவை ஆராய்ந்த ரெக்ட் உள்ளிட்டோர், கவசம் வழங்கிய ஊர்களிலும் வழங்காத ஊர்களிலும் குடும்பங்களைச் சேர்த்ததில் சமநிலை குலைந்திருப்பதைச் சுட்டிக்காட்டினர். இந்தச் சோதனையைத் துணிக் கவசத்தின் வெற்றியாகக் காட்டியவர்கள் அறுவைக் கவசத்தின் மதிப்பெண்ணைத் துணிக்கு வரவு வைத்துவிட்டார்கள்.

மிசௌரி மாநிலத்தில் தொற்றிருந்தும் கவசம் அணிந்து பணியாற்றிய இரு சிகையலங்காரப் பணியாளர்களிடம் வந்த 139 வாடிக்கையாளர்களில் பரிசோதித்த 67 பேருக்கும் தொற்று இல்லை என்ற 2020 அறிக்கை, ஒப்பீடே இல்லாத நிகழ்வுக் குறிப்பு. ஊக்கம் தரலாம், நிறுவாது. எதிர்த்தரப்பு கையிலெடுக்கும் காக்ரேன் அமைப்பின் 2023 தொகுப்பாய்வும் அவர்கள் எண்ணும் அளவுக்கு உதவாது. அதன் பெரும்பகுதி மருத்துவக் கவசங்களைப் பற்றியது. கவசம் பயனற்றது என்று அதற்குப் பொருள் கொள்வது தவறு என அவ்வமைப்பின் தலைமைப் பதிப்பாசிரியரே விளக்கம் தர நேர்ந்தது.

இனித் தீர்ப்பு. நெருக்கமான நெசவு, குறைந்தது இரண்டு அடுக்கு, முகத்தோடு ஒட்டிய பொருத்தம், நாள்தோறும் சரியான துவைப்பு ஆகிய நான்கும் கூடினால் துணிக் கவசம் வெறும் முகத்தைவிட மேல் என்று இயற்பியல் நம்பத்தகுந்த காரணம் தருகிறது. அணிபவர் வெளியிடும் பெரிய திவலைகளைத் தடுப்பதில் அக்காரணம் இன்னும் வலுவானது. சமூக அளவில் அப்பயன் நிறுவப்படவில்லை. பயன் இருந்தாலும் அது சிறிதாகவே இருக்கக்கூடும். மருத்துவக் கவசத்துக்கு நிகர் என்ற உரிமைக்கோரலை ஹனோய் சோதனையின் முதன்மை முடிவு மறுக்கிறது.

ஆகவே 2020இன் தொடக்கத்தில், மருத்துவக் கவசங்கள் போதாமல் இருந்தபோது துணியைப் பரிந்துரைத்தது நியாயமான முடிவு. தட்டுப்பாடு தீர்ந்தபின்னும் எல்லாக் கவசங்களையும் ஒரே சொல்லில் அடக்கி, எதையாவது அணிந்தால் போதும் என்று மக்களுக்குச் சொன்னது தர உணர்வின் தோல்வி. தளர்வான நெசவுத் துணியே மிகக் குறைந்த காப்பு என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் வெளிப்படையாகத் தரவரிசை சொன்னது 2022 ஜனவரியில்தான். மூச்சுவழி பரவும் அடுத்த நோய்க்கு முன் செய்ய வேண்டியது, அடுக்கும் நெசவும் வரையறுத்த துணிக் கவசத்தை வெறும் முகத்தோடு நேரடியாக ஒப்பிடும் சோதனை. அதுவரை துணிக்கு உரிய இடம், தரமான கவசம் கைக்கு எட்டாத வேளையில் ஏற்கத்தக்க மாற்று என்பதே.