ஹென்றிக்கு யார் சொல்வது?

2010, ஜூன் 27. ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ் என்று ஓர் ஊர். ஹார்வர்டு பல்கலைக்கழகம் இருக்கிறதே, அதே ஊர்தான். அங்கே ஒரு வீட்டில் மூத்த பையனுக்கு இருபதாவது பிறந்த நாள். அப்பா, அம்மா, பதினாறு வயதுத் தம்பி எல்லோருமாக ஓர் இந்திய ரெஸ்டாரண்டுக்குப் போய் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்தார்கள். வீட்டில் ஷாம்பெய்ன் திறந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். சிநேகிதர்கள் யாரோ சர்ப்ரைஸ் கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று பிள்ளைகள் நினைத்தார்கள்.

வந்தது எஃப்.பி.ஐ.

அப்பா பெயர் டொனால்ட் ஹீத்ஃபீல்ட். கன்சல்டிங் கம்பெனியில் பெரிய உத்தியோகம். அம்மா ட்ரேசி ஃபோலி, ரியல் எஸ்டேட் ஏஜெண்ட். இரண்டு பேரும் கனடாக்காரர்கள். இப்படித்தான் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். உண்மை என்னவென்றால், அப்பா ஆந்த்ரேய் பெஸ்ருகோவ், அம்மா எலேனா வாவிலோவா. இருவருக்கும் பூர்வீகம் சைபீரியா. சோவியத் யூனியன் இருந்த காலத்திலேயே அனுப்பி வைக்கப்பட்ட உளவாளிகள். அந்தக் கனடியப் பெயர்கள், கைக்குழந்தையாகவே இறந்துபோன இரண்டு பேருடையவை.

நம் ஊர் சினிமாவில் கன்னத்தில் ஒரு மருவை ஒட்டிக்கொண்டால் போதும், சொந்த மாமியாருக்கே மருமகனை அடையாளம் தெரியாது. இங்கே மரு, தாடி எதுவும் கிடையாது. செத்துப்போன குழந்தையின் பர்த் சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள். பிள்ளை பெற்று வளர்த்திருக்கிறார்கள்.

'தி அமெரிக்கன்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடர் பிறப்பதற்குக் காரணமே அன்றைக்கு அமெரிக்காவில் பல இடங்களில் நடந்த அந்தக் கைதுகள்தான். மொத்தம் பத்து பேர். தொடரை உருவாக்கிய ஜோ வைஸ்பெர்க் முன்னாள் சி.ஐ.ஏ. ஆசாமி. கதையை அப்படியே தூக்கி எண்பதுகளில், ரீகன் காலத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார். 2013-ல் தொடங்கி 2018-ல் முடிந்தது. ஆறு சீசன், எழுபத்தைந்து எபிசோட். முழுவதையும் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: உளவாளிக் கதை என்ற பெயரில் வந்த நல்ல குடும்பக் கதை. கடைசி சீசனுக்காக மாத்யூ ரீஸ் வாங்கிய எம்மி விருதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கெரி ரஸ்ஸலுக்கும் கொடுத்திருக்கலாம்.

எனக்குப் பிரச்னை வேறு இடத்தில்.

வாஷிங்டன் பக்கத்தில் டிராவல் ஏஜென்சி நடத்தும் ஃபிலிப், எலிசபெத் தம்பதிக்கு இரண்டு குழந்தைகள். மகள் பெய்ஜ், மகன் ஹென்றி. எதிர்வீட்டுக்காரர் ஸ்டான் எஃப்.பி.ஐ.யில் வேலை பார்க்கிறார். (எதிர்வீட்டில் எஃப்.பி.ஐ. என்பது கொஞ்சம் ஓவர்தான். மன்னித்துவிடலாம்.) மூன்றாவது சீசனில் பெய்ஜ், பெற்றோரை நேருக்கு நேர் நிற்கவைத்து நீங்கள் யார் என்று கேட்டுவிடுகிறாள். அவர்கள் சொல்லியும் விடுகிறார்கள். அந்தக் காட்சியில் சத்தமோ பின்னணி இசையின் ஆர்ப்பாட்டமோ இல்லை. ஒரு சமையலறை மேஜை, மூன்று பேர், அவ்வளவுதான். தொடரின் உச்சம் அதுதான் என்பேன். அதற்குப் பிறகு பெண்ணுக்குத் தூக்கம் வரவில்லை. மனசில் வைத்துக்கொள்ள முடியாமல் சர்ச் பாதிரியாரிடம் போனில் அழுது கொட்டிவிடுகிறாள். அடுத்த மூன்று சீசனும் அவள் ரகசியத்தைச் சுமக்கிறாள், சிநேகிதம் இழக்கிறாள், கடைசியில் தானே அந்த வேலைக்குப் பயிற்சி எடுக்கிறாள்.

சரி, ஹென்றி?

ஹென்றி வீடியோ கேம் ஆடுகிறான். எதிர்வீட்டு ஸ்டானோடு ஒட்டிக்கொள்கிறான். கணக்கில் கெட்டிக்காரன் என்பது திடீரென்று ஒருநாள்தான் அப்பா அம்மாவுக்கே தெரியவருகிறது. போர்டிங் ஸ்கூலில் சேர்ந்து ஹாக்கி விளையாடுகிறான். பல எபிசோட்களில் ஆளையே காணோம். ரசிகர்கள் இதைக் கிண்டலடித்ததும் உண்டு.

நான் பி.காம். படித்தவன். எழுத்து வேலைக்கு அது எந்த விதத்திலும் பிரயோஜனப்படவில்லை, ஒன்றே ஒன்றைத் தவிர. ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால், இடிக்கிற தொகையை சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒரு தலைப்பில் தள்ளிவிடுவார்கள். இப்போதைக்கு அங்கே கிடக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஜோ வைஸ்பெர்க் ஹென்றியைக் கொண்டுபோய்ப் போட்டது அந்தத் தலைப்பில்தான். ஆறு சீசன் முடிந்து புத்தகத்தை மூடும்போதும் அந்தத் தொகை அங்கேயே கிடக்கிறது.

கதைக்கு வசதி என்று பார்த்தால் அவர் செய்தது சரி. ரகசியம் தெரிந்தவளிடம் நாடகம் இருக்கிறது. ஒன்றுமே தெரியாதவனை வைத்துக்கொண்டு எழுத்தாளர் என்ன செய்வார்? பெய்ஜுக்குக் கோபப்பட நேரம் கிடைத்தது. கேள்வி கேட்க ஆள் எதிரே இருந்தார்கள். கடைசியில் தனக்கென்று ஒரு முடிவும் எடுத்தாள். கனடா எல்லைக்குப் போகிற ரயிலில் இருந்து அவள் இறங்கிவிட, நகர்ந்து போகும் ரயிலின் ஜன்னல் வழியே எலிசபெத் அவளைப் பிளாட்பாரத்தில் பார்க்கிறாளே, அந்த இடத்தில் எனக்கும் தொண்டை அடைத்தது.

ஆனால் கேம்பிரிட்ஜ் வீட்டில் இருந்தது பெய்ஜ் இல்லை. இரண்டு ஹென்றிகள்.

அவர்களைப் பெரியவன், சின்னவன் என்றே வைத்துக்கொள்வோம். பெயர்களால் அவர்கள் பட்டது போதும். வீட்டில் ரஷ்ய மொழியில் ஒரு வார்த்தை கேட்டு வளராதவர்கள். நிஜத்தில் எது என்னை அதிகம் உறுத்துகிறது தெரியுமா? எஃப்.பி.ஐ. கோர்ட்டில் தாக்கல் செய்த ஆவணப்படி, 2001 ஜனவரியிலேயே அந்தக் குடும்பத்தின் பேங்க் லாக்கரைச் சோதனை போட்டிருக்கிறார்கள். அம்மாவின் இளவயது போட்டோ நெகட்டிவ்கள் கிடைத்தன. அதில் சோவியத் ஃபிலிம் கம்பெனியின் பெயர். அன்றைக்குப் பெரியவனுக்குப் பத்து வயது, சின்னவனுக்கு ஆறு. தன் அம்மா யார் என்று ஒரு பிள்ளைக்குத் தெரிவதற்கு ஒன்பது வருஷம் முன்பே, சம்பந்தமில்லாத ஒரு சர்க்கார் ஆபீஸில் ஃபைல் போட்டு வைத்திருந்தார்கள். 2010 ஜூலை 9-ம் தேதி வியன்னா விமான நிலையத்தில் பத்துக்கு நான்கு என்று பண்டமாற்று நடந்து, பெற்றோர் ரஷ்யா போய்ச் சேர்ந்தார்கள். பிள்ளைகள் அதற்கு முன்பே மாஸ்கோவில் இறங்கியிருந்தார்கள். வரவேற்க வந்தவர்கள், பெற்றோரின் சக ஊழியர்கள் என்று தங்களை அறிமுகம் செய்துகொண்டு போட்டோக்களைக் காட்டினார்கள். இளவயது அப்பா, அம்மா. சீருடையில், பதக்கங்களுடன்.

மகாபாரதத்தில் கர்ணனிடம் குந்தி வந்து நீ என் பிள்ளை என்று சொல்வது யுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான். அவனுக்கு உபயோகப்படும் காலமெல்லாம் வாயைத் திறக்காமல், தனக்குத் தேவைப்படும்போது வந்து சொல்கிறாள். ஆனாலும் அவளே வந்து சொன்னாள். இந்த இருவருக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

இதற்கு அப்புறம்தான் இருக்கிறது, தொடரில் இல்லாத சீசன்.

இருவரும் கனடாவில் பிறந்தவர்கள். சின்னவன் பிறந்தது 1994-ல், டொரண்டோவில். அந்த நாட்டு மண்ணில் பிறந்தாலே குடியுரிமை உண்டு. ஆனால் ஒரு விதிவிலக்கு: வெளிநாட்டுத் தூதர்களுக்கும், அந்நிய அரசின் பிரதிநிதிகளுக்கும் ஊழியர்களுக்கும் பிறந்த குழந்தைகளுக்குக் கிடையாது. 2014-ல் குடியுரிமைப் பதிவாளர் சின்னவனின் சான்றிதழை ரத்து செய்தார். உன் பெற்றோர் ரஷ்ய அரசின் ஊழியர்கள், ஆகவே நீ கனடியன் இல்லை, எப்போதுமே இருந்ததில்லை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அப்பா அம்மா பெயர் பொய், ஊர் பொய், தாத்தா பாட்டி கதை பொய். பாக்கி இருந்த ஒரே நிஜம் பிறந்த ஊர். அதுவும் செல்லாது என்கிறது ஒரு கவர்மெண்ட் கடிதம்.

பையன் விடவில்லை. கோர்ட்டுக்குப் போனான். 2015-ல் தோல்வி. 2017-ல் மேல்முறையீட்டில் வெற்றி. அரசாங்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2019 டிசம்பர் 19-ம் தேதி ஒன்பது நீதிபதிகளும் அவன் பக்கமே நின்றார்கள். அந்த விதிவிலக்கு, தூதருக்கு உரிய சலுகையும் சட்டப் பாதுகாப்பும் உள்ளவர்களின் பிள்ளைகளுக்குத்தான் பொருந்தும், திருட்டுத்தனமாக வந்தவர்களின் பிள்ளைகளுக்கு இல்லை என்பது தீர்ப்பின் சாரம். நன்றாகக் கவனியுங்கள். பெற்றோர் நிஜமான தூதர்களாக இருந்திருந்தால் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை. கள்ளப் பெயரில் வந்ததால் உண்டு! சட்டத்தில் சமயத்தில் இப்படியும் வேடிக்கைகள் உண்டு. இன்னொன்று தெரியுமா? கனடாவில் அரசு அதிகாரிகளின் முடிவுகளை நீதிமன்றங்கள் எப்படிப் பரிசீலிக்க வேண்டும் என்பதற்கே இப்போது இந்த வாவிலோவ் வழக்குதான் பாடம்.

பெற்றோர்? அவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள். பதவி, பாராட்டு எல்லாம் கிடைத்தது. அப்பா மாஸ்கோவில் பேராசிரியர் ஆனார். அம்மா 2019-ல், சக எழுத்தாளர் ஒருவரோடு சேர்ந்து ஒரு நாவல் வெளியிட்டார். தலைப்பு, 'ரகசியம் காக்கத் தெரிந்த பெண்'. மகனின் வழக்கில் தீர்ப்பு வந்ததும் அதே வருஷம்தான்.

அவர்களை அரக்கர்களாக்க எனக்கு விருப்பமில்லை. தொடரும் அப்படிச் செய்யவில்லை, அது அதன் பெருமை. பாசம் நடிப்பு இல்லை என்பதையும் நம்பலாம். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்ததும், ஸ்கூலில் கொண்டுபோய் விட்டதும் நிஜமான கைகள்தானே. எனக்கு உதைப்பது 'தி அமெரிக்கன்ஸ்' கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் நழுவிய இடம். பிள்ளையை விட்டுவிட்டுப் போவது தியாகமா, கைகழுவலா? கடைசி எபிசோடில் ஃபிலிப், ஹென்றி இங்கேயே இருக்கட்டும், அவனுடைய எதிர்காலம் இங்கேதான் என்கிறான். எலிசபெத் முதலில் துடிக்கிறாள், அப்புறம் ஒப்புக்கொள்கிறாள். வழியில் நின்று போன் செய்கிறார்கள். எதுவும் சொல்லாமல், என்னவோ சொல்ல வருகிறார்கள். ஹென்றிக்கு ஒன்றும் புரியவில்லை. பேச்சை முடித்துக்கொள்கிறான். பார்க்கிற நமக்கு நெஞ்சு கனக்கிறது. இயக்குநரும் அதைத்தான் விரும்பினார். ஆனால் கனம் எல்லாம் பெற்றோருக்காக! அந்தப் பையனுக்காக நாம் அழவில்லை. ஏனென்றால் அவனை நமக்குத் தெரியாது. ஆறு வருஷமாகத் தெரியவிடவில்லை.

பிறகு ஸ்டான், ஹென்றியின் பள்ளிக்கு ஹாக்கி மைதானம் தேடிப் போய்ச் சொல்கிறார். கேமரா தூரத்தில் நிற்கிறது. பேசுவது கேட்கவில்லை, இசை மட்டும். நாகரிகம், கண்ணியம் என்றெல்லாம் விமரிசகர்கள் பாராட்டினார்கள். எனக்கு அது தப்பித்தல் என்றுதான் படுகிறது. பெய்ஜுக்கு ஒரு முழு சமையலறைக் காட்சி. ஹென்றிக்கு வசனமில்லாத சில விநாடிகள். கேம்பிரிட்ஜ் பிள்ளைகளுக்கு நடந்தது இதுதான், இதைத்தான் எழுத முடியவில்லை.

இது பழைய கதை, பனிப்போர்ச் சமாசாரம் என்று நினைத்தால், 2024 ஆகஸ்ட் 1-க்கு வாருங்கள். ஸ்லோவேனியாவில் அர்ஜென்டினாக்காரர்களாக வாழ்ந்த ரஷ்யத் தம்பதி ஒன்று. 2022 டிசம்பரில் கைது. அங்காராவில் நடந்த கைதி மாற்றத்தில் விடுதலையாகி, ஒரு பெண், ஒரு பையன் என இரண்டு குழந்தைகளுடன் மாஸ்கோ திரும்பினார்கள். விமானப் படிக்கட்டின் கீழே புதின் பூங்கொத்தோடு நின்று வரவேற்றார். ஸ்பானிய மொழியில் வணக்கம் சொன்னார். ஏனென்றால் குழந்தைகளுக்கு ரஷ்ய மொழி தெரியாது. தாங்கள் ரஷ்யர்கள் என்பதே விமானத்தில் வரும்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது என்று கிரெம்ளின் செய்தித்தொடர்பாளர் பெஸ்கோவ் மறுநாள் நிருபர்களிடம் சொன்னார். வந்து நிற்பது யார் என்று பெற்றோரைக் கேட்டார்களாம். புதின் யார் என்பதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை.

இதை அவர் பெருமையாகத்தான் சொன்னார்.