கிணறும் உளியும்

துறையூரிலிருந்து காலையில் கிளம்பினால் திருவெள்ளறை, அரும்பாவூர் இரண்டையும் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். ஒன்று திருச்சி சாலையில் இருக்கிறது. மற்றதற்குப் பச்சைமலையைச் சுற்றிக்கொண்டு பெரம்பலூர் பக்கம் போக வேண்டும்.

திருவெள்ளறைக்கு வருகிறவர்களில் பலர் புண்டரீகாட்சப் பெருமாளைச் சேவித்ததோடு கிளம்பிவிடுகிறார்கள். கோயில் மதிலுக்கு வெளியே இருக்கும் கிணற்றைப் பார்க்காமல் வரக்கூடாது. பல்லவன் தந்திவர்மன் காலத்தில், கி.பி. 800-ஐ ஒட்டி, கம்பன் அரையன் வெட்டுவித்தது. கல்வெட்டில் அதன் பெயர் மாற்பிடுகு பெருங்கிணறு. ஊரார் வாயில் நாலுமூலைக் கேணி. சுவஸ்திக வடிவம். நான்கு பக்கமும் படிகள் தனித்தனியே மடங்கி இறங்குவதால், ஒரு துறையில் குளிப்பவர் அடுத்த துறையில் இருப்பவர் கண்ணில் படமாட்டார். மறைப்புக்கென்று தனியாக எதையும் கட்டவில்லை. மண்ணை எங்கே தோண்டுவது, எங்கே திரும்புவது என்று தெரிந்தவன் செய்த வேலை. எனக்கு அது சிற்பம்தான்.

அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே நான் போன சிற்பியின் வீட்டில் பட்டறை எங்கே முடிகிறது, குடித்தனம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. நடையெல்லாம் வாகைக் கட்டைகள். திண்ணையில் அவர் ஓர் அம்மன் சிலையைச் செதுக்கிக்கொண்டிருந்தார். முகம் இன்னும் வெறும் கட்டை. கை மட்டும் பிறந்திருந்தது. தொங்கும் கைக்கும் இடுப்புக்கும் நடுவே குறுகலான உளியை விட்டுக் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டினார். மரத்தின் ரேகை திரும்பும் இடத்தில் தட்டுவதை விட்டு, உளியைக் கையாலேயே அழுத்திச் சீவினார். முழுச் சிலையும் ஒரே கட்டை, ஒட்டுவேலை கிடையாது. விரல் ஒன்று தெறித்தால் மாதக்கணக்கான உழைப்பு போயிற்று. அதனால் விரல்களுக்கு நடுவே மெல்லிய மரத்தைக் கடைசி வரை விட்டுவைக்கிறார்கள்.

இந்தச் சிற்பங்களில் நகையையும் கிரீடத்தையும் எல்லோரும் மெச்சுகிறார்கள். நான் முதலில் தேடுவது அந்த இடுக்குகளைத்தான். கைக்கும் உடம்புக்கும் நடுவே வெளிச்சம் தாராளமாக நுழைந்தால் அம்மன் நிற்கிறாள். இல்லாவிட்டால் பலகையில் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். மாற்பிடுகு கிணற்றை வெட்டியவர்களுக்கும், எங்கே வெட்டி எடுப்பது என்ற இந்தக் கணக்கு தெரிந்திருந்தது.

ஒரு வருத்தம் உண்டு. வாடிக்கையாளர் கேட்கிறார்கள் என்று அடர்ந்த நிறத்தில் பாலிஷ் பூசிவிடுகிறார்கள். வாகையின் ரேகையும் உளித்தடமும் அதில் மூழ்கிவிடுகின்றன. வாங்கும் எண்ணம் இருந்தால், பூச்சு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.