பழைய ஆம்னியில் வேன் வீடு: கட்டலாமா?

நூம்பலில் இருப்பவர்களுக்கு வேன் வீடு கட்டுவது பெரிய அலைச்சல் இல்லை. டிங்கரிங் பட்டறை, பிளைவுட் கடை, பேட்டரி கடை எல்லாம் பக்கத்திலேயே. வேலப்பன்சாவடி வந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையைப் பிடித்தால் நேரே பெங்களூர் ரோடு. பழைய மாருதி ஆம்னியை அப்படி மாற்றி, ஏலகிரி வரை போய்த் தங்கிவந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நம் ஊர் வெயிலுக்கு முதல் செலவு காற்றுக்கு. மரவேலையெல்லாம் அதற்கப்புறம்தான்.

வண்டி

1984-ல் அறிமுகமாகி 2019-ல் தயாரிப்பு நின்ற வண்டி. 796 சிசி எஞ்சின், நீளம் 3.37 மீட்டர். ஐந்தரை அடி ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும். எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் இருப்பதால் வண்டியை நிறுத்திய பிறகும் சூடு உள்ளே ஏறுகிறது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் பொறுமை தேவை. ஆனால் எந்த ஊர் மெக்கானிக்கும் இதைச் சரிசெய்துவிடுவார்.

2015, 2023 வெள்ளங்களைப் பார்த்த ஊர் நம்முடையது. வாங்குமுன் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை இருந்தால் அந்த வண்டி வேண்டாம். தரை விரிப்பைத் தூக்கி, வெல்டிங் மூட்டுகளில் ஸ்க்ரூடிரைவரால் அழுத்துங்கள். தகடு உள்வாங்கினால் துரு தின்றுவிட்டது என்று பொருள்.

காற்று

கூரைக்கு உட்புறம் நைட்ரைல் ரப்பர் ஷீட் ஒட்டினேன். ஒரு பக்க ஜன்னல் கண்ணாடியை நகர்த்தி, அந்த இடைவெளிக்கு அளவாக வெட்டிய பலகையில் இரண்டு சிறிய 12 வோல்ட் விசிறிகள். உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ள. எதிர் ஜன்னலில் காந்தப் பட்டை தைத்த கொசுவலை. இந்தக் குறுக்குக் காற்று வந்த பிறகுதான் வண்டிக்குள் தூங்க முடிந்தது.

ஏசிக்காக எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டுத் தூங்கவே கூடாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்தார்கள். காரணம் ஜெனரேட்டர் கக்கிய கார்பன் மோனாக்சைடு. அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. எச்சரிக்கைக் கருவி ஒன்றை அவசியம் மாட்டுங்கள்.

மின்சாரம்

12.8 வோல்ட், 50 ஆம்பியர்-ஹவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 640 வாட்-ஹவர் இருக்கும். 80 சதவீதம் எடுத்தால் 512. விசிறி, எல்.இ.டி. விளக்கு, போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து ஓர் இரவுக்கு 150 போதும். ஆக மூன்று இரவு தாங்கும். 1,500 வாட் இண்டக்‌ஷன் அடுப்புக்கு இந்த பேட்டரி சரிப்படாது. கணக்குப்படி இருபது நிமிடத்தில் காலி. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வையுங்கள்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் பதிவான விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தத் தடை விதிக்கிறது. கேரவனாகவே பதிவு செய்ய ஏ.ஐ.எஸ்.-124 என்று தனித் தரநிலை உண்டு. அதனால் பாடியை வெட்டவில்லை, கூரையை உயர்த்தவில்லை. பின் இருக்கையின் முதுகை மடக்கி, அதன்மேல் கழற்றி எடுக்கும் பிளைவுட் பலகை போட்டதோடு சரி. பதினைந்து வருடம் முடிந்த வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும் என்பதையும் விலை பேசும்போதே கணக்கில் வையுங்கள்.

தீர்ப்பு

தனி ஆளுக்கு, இரண்டு மூன்று இரவுப் பயணத்துக்கு, மார்கழி, தை மாதங்களில் அருமையான வண்டி. குடும்பத்தோடு போகவோ மாதக்கணக்கில் சாலையிலேயே வாழவோ நினைப்பவர்கள் பெரிய வேனாகப் பாருங்கள். எந்த வேனாக இருந்தாலும், கதவை மூடிக்கொண்டு ஓர் இரவு அதில் தூங்கிப் பார்த்துவிட்டு அலமாரிக்கு அளவெடுங்கள்.