எண்ணிக்கையும் நன்றியும்: நமது ‘உடல் அதிசய’ எழுத்தைப் பற்றிச் சில குறிப்புகள்

மீலாத் விழாவுக்குப் பேச்சு எழுதிக் கொடுக்கும் வேலை எங்கள் பாடசாலைகளில் பெரும்பாலும் தமிழ் ஆசிரியரின் தலையில்தான் விழும். ரம்புக்கனையில் எனக்கும் அப்படித்தான். ‘மனித உடல்: படைத்தவனின் அத்தாட்சி’ என்ற தலைப்பில் மாணவன் ஒருவனுக்கு ஒரு பேச்சு எழுதிக் கொடுத்தேன். அதில் மூன்று விடயங்களை அழுத்திச் சொல்லியிருந்தேன். உடலிலுள்ள இரத்தக் குழாய்களை நீட்டி வைத்தால் ஒரு லட்சம் கிலோமீற்றர் வரும். மூட்டுகள் சரியாக 360 என்பதை இன்றைய விஞ்ஞானம் உறுதிப்படுத்திவிட்டது. ரஹ்மானின் படைப்பில் எந்தக் குறையையும் காண முடியாது. மாணவன் நன்றாகப் பேசினான். கைதட்டும் பரிசும் கிடைத்தன.

விழா முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவி ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள். தலசீமியா நோயாளி. மாதாமாதம் குருநாகலுக்குப் போய் இரத்தம் ஏற்றிக்கொண்டு வருபவள்.

“சேர், கொறையே இல்ல எண்டு எழுதியிருக்கீங்க. அப்ப என்ட ஒடம்பு?”

கோபமில்லை; பாடத்தில் சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டாள். “அது அல்லாஹ்ட சோதனை மகள்” என்று சொல்லிச் சமாளித்தேன். “சரி சேர்” என்று போய்விட்டாள். சோதனை என்பது பொய்யான பதில் அல்ல. ஆனால் அவள் கேட்டது தன் நோயைப் பற்றியல்ல, என் வாக்கியத்தைப் பற்றி. ஆகவே இந்த விமர்சனம் முதலில் என் எழுத்தின் மீதானது. பிறகுதான் நமது மேடைகளிலும் மலர்களிலும் பெருகியிருக்கும் இவ்வகை எழுத்தின் மீதானது.

அந்த மூன்று கூற்றுகளையும் திரும்ப எடுத்துப் பார்த்தேன். லட்சம் கிலோமீற்றர் என்ற எண், டென்மார்க்கின் உடலியலாளர் ஆகஸ்ட் குரோக் 1920களில் போட்ட உத்தேசக் கணக்கிலிருந்து வந்தது. அவர் 1920இல் நோபல் பரிசு பெற்ற பெரிய மனிதர்தான். ஆனால் பிற்கால மதிப்பீடுகள் அதைவிடப் பல மடங்கு குறைவானவை. இரண்டாவது, மூட்டுகளின் தொகை. எதை மூட்டு என்று கொள்வது என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும். 360 என்று விஞ்ஞானம் முத்திரை குத்தியதாகச் சொல்வது நாமே கட்டிய கதை. மூன்றாவது கூற்றுத்தான் எனக்கு அதிக வெட்கத்தைத் தந்தது. படைப்பில் முரண்பாட்டைக் காணமாட்டாய் என்று வரும் ஸூரத்துல் முல்கின் 3ஆம் வசனம் பேசுவது ஏழு வானங்களைப் பற்றி. அதைச் சூழமைவிலிருந்து கழற்றி உடலுக்குப் பொருத்தியது நான். ஒரு செய்யுளை முன்பின் பாராமல் மேற்கோள் காட்டும் மாணவனுக்குப் புள்ளி குறைக்கிற அதே ஆசிரியன்.

அப்படியானால் உடலைப் பற்றி குர்ஆன் என்ன சொல்கிறது? ஸூரத்துத் தீனின் 4ஆம் வசனம், மனிதன் மிக அழகிய அமைப்பில் படைக்கப்பட்டதைச் சொல்கிறது. நமது பேச்சாளர்கள் அங்கே நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த வசனமோ அவனே தாழ்ந்தவற்றிலெல்லாம் தாழ்ந்த நிலைக்குத் திருப்பப்படுவதைச் சொல்கிறது. ஸூரத்துர் ரூமின் 54ஆம் வசனம் பலவீனத்தில் தொடங்கி, பலத்துக்கு வந்து, மீண்டும் பலவீனத்துக்கும் நரைக்கும் போகும் உடலைக் காட்டுகிறது. ஸூரத்துல் இன்ஃபிதாரில் உடலைச் சீராக்கியவனைப் பற்றிய பேச்சு ஒரு கேள்வியோடுதான் தொடங்குகிறது: கொடையாளனான உன் இறைவனைப் பற்றி உன்னை ஏமாற்றியது எது என்று. இங்கெல்லாம் வரும் உடல் பழுதே இல்லாத இயந்திரமல்ல. கொடுக்கப்பட்டது, பலவீனமானது, கணக்குக் கேட்கப்படுவது.

அறபியில் ‘ஆயத்’ என்ற ஒரே சொல் வசனத்தையும் குறிக்கும், அத்தாட்சியையும் குறிக்கும். உடல் ஓர் ஆயத் என்றால் அது வாசிக்கப்பட வேண்டியது. நாம் வாசிப்பதை விட்டுவிட்டு எழுத்துகளை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

எண்ணுவது தவறா என்று கேட்கலாம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் எண்ணினார்கள்தானே? எண்ணினார்கள். இஹ்யாவில் சிந்தனையைப் பற்றிய பாகத்தில், சிறிய எலும்புகள் நீங்கலாக 248 எலும்புகள், 529 தசைகள் என்று அக்கால வைத்திய நூல்களின் கணக்கைத் தருகிறார்கள். இன்று எங்கள் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படிப்பது வளர்ந்தவருக்கு 206 எலும்புகள் என்று. கஸ்ஸாலியின் வாதம் அந்த எண்ணின் மேல் நின்றிருந்தால் இன்று அது விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. காரணம், அது எண்ணின் மேல் நிற்கவில்லை.

எதன் மேல் நிற்கிறது என்பதை அதே நூலில் பொறுமை, நன்றி பற்றிய பாகத்தில் தெளிவாகக் காணலாம். ஒரு கவளம் உணவு வாய்க்குள் போவதை அவர் பின்தொடர்கிறார். தாடைகளைத் திரிகைக் கல்லுக்கு ஒப்பிடுகிறார். மனிதன் செய்த திரிகையில் கீழ்க்கல் அசையாமல் கிடக்க மேற்கல் சுழலும். வாய் என்ற இந்தத் திரிகையிலோ கீழே உள்ளதுதான் அசைகிறது என்று வியக்கிறார். எங்கள் வீட்டுப் பின்கட்டில் உம்மா உளுந்து உடைத்த திரிகையைப் பார்த்தவர்கள் இந்த உவமையின் அழகை உடனே பிடித்துக்கொள்வார்கள். அதோடு அவர் நிற்கவுமில்லை. உடலை விட்டு வெளியே வந்து, அந்த உணவை விளைவித்தவன், கருவி செய்த கொல்லன், அரைத்தவன், சுட்டவன் என்று கணக்கை நீட்டிக்கொண்டே போகிறார். காரணங்களைக் கண்டுபிடித்தால் இறைவன் மறைந்துவிடுவான் என்ற பயம் அவருக்கு இல்லை. ஒவ்வொரு காரணமும் நன்றிக்கு இன்னொரு காரணம். அவர் நிறுவ வந்தது ‘ஒருவன் இருக்கிறான்’ என்பதை மட்டுமல்ல. ‘நீ கடன்பட்டிருக்கிறாய்’ என்பதையும்தான்.

நமது இன்றைய எழுத்து இந்த வழியில் வந்ததல்ல. அதன் ஊற்று வேறிடத்தில் இருக்கிறது. 1802இல் வில்லியம் பேலி என்ற ஆங்கிலேயப் பாதிரியார், வழியில் கிடக்கும் கடிகாரத்தைக் கண்டவன் அதைச் செய்தவன் ஒருவன் உண்டென்று அறிவான் என்று வாதித்தார். 1859இல் டார்வினின் நூல் வந்த பிறகு அந்த வாதம் ஆட்டங்கண்டது. 1996இல் மைக்கல் பீஹி என்ற அமெரிக்க உயிர் இரசாயனவியலாளர், இரத்தம் உறையும் முறை போன்றவை படிப்படியாக உருவாகியிருக்க முடியாது என்று சொல்லி அதற்குப் புத்துயிர் கொடுத்தார். இதைப் பாடசாலை விஞ்ஞானமாக்கும் முயற்சி பென்சில்வேனியாவில் வழக்காகி, 2005 டிசம்பரில் இது விஞ்ஞானமல்ல என்று தீர்ப்பானது. அந்த வாதத்தின் தமிழ் நிழலைத்தான் நாம் பிஸ்மி சொல்லி மேடையேற்றுகிறோம். விஞ்ஞானம் இன்னும் விளக்காத இடத்தில் இறைவனை வைத்தால், நாளை விளக்கம் வரும்போது அவனை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஈமானை இப்படி வாடகை வீட்டில் குடிவைக்கலாமா?

இந்த நாட்டுத் தமிழில் உடலைப் பற்றி எழுதிய இன்னொருவரையும் நினைக்க வேண்டும். மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன். 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற உடற்கூற்று நூலைத் தமிழில் தந்தவர். அவரும் படைத்தவனை நம்பியவர். மதம் பரப்ப வந்தவர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உடலைப் பற்றிய அறிவைத் தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே கற்பித்து அவர்களை வைத்தியர்களாக்கினார். அவருக்கு எலும்பின் பெயர் கைதட்டு வாங்க அல்ல, முறிந்தால் பொருத்த.

இனி, அந்த மாணவியின் கேள்வி. செங்குழியத்திலுள்ள ஈமோகுளோபினின் ஒரு சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். அதற்கான பரம்பரையலகில் ஒரேயொரு எழுத்து மாறினாலே தலசீமியா வரலாம். எழுத்துப் பிழை திருத்தியே காலம் கழித்த எனக்கு இது விளங்குகிறது. இந்தப் பரம்பரையலகின் ஒற்றைப் பிரதியைச் சுமப்பவர்களுக்கு மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைத்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதையும் ‘பார்த்தீர்களா ஹிக்மத்தை!’ என்று பேச்சாக்கிவிடலாம். ஆனால் இரத்தம் ஏற்றிய களைப்போடு வகுப்பில் இருக்கும் பிள்ளையின் முன்னால் எனக்கு அதைச் சொல்ல வாய் வராது.

பதிலை அந்த 360 மூட்டு ஹதீஸிலேயே தேடினேன். ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்க, ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான ஹதீஸ் அது. நபி (ஸல்) அவர்கள் அந்த எண்ணைச் சொன்னது உடற்கூறு கற்பிக்க அல்ல. அந்த அளவுக்கு இறைவனைத் துதிப்பதையும், பாதையிலிருந்து கல்லை, முள்ளை அகற்றுவதையும், நன்மையை ஏவுவதையும் அங்கே எண்ணுகிறார்கள். மூட்டைப் பற்றிய பேச்சு பாதையிலுள்ள முள்ளில் வந்து நிற்கிறது. உடல் அதிசயம் என்றால் அடுத்தவனுக்கு அதனால் என்ன பயன் என்பதே அதன் கேள்வி.

இதை வைத்துப் பார்த்தால் அவளுடைய உடல் வாதத்துக்கு வெளியே நிற்கும் விதிவிலக்கல்ல. வாதம் அங்கேதான் தொடங்குகிறது. அவளுக்குள் ஓடும் இரத்தம் போயா தினத்தில் ஏதோ ஒரு பன்சலையில் வரிசையில் நின்று யாரோ கொடுத்ததாக இருக்கலாம். கொடுத்தவரின் பெயரோ இனமோ அவளுக்குத் தெரியாது. பெற்றோர் இருவரும் நோய்க்காவிகள் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து உண்டு என்பதையும், நிகாஹ் பேசுமுன் ஓர் இரத்தப் பரிசோதனையில் இதை அறியலாம் என்பதையும் நமது எந்த உடல் அதிசயப் பேச்சு சொல்லியிருக்கிறது? மச்சான், மச்சினி என்று சொந்தத்துக்குள் முடிச்சுப் போடும் நம்மவர்களுக்கு லட்சம் கிலோமீற்றரைவிட அது அவசியமான எண்.

அந்தப் பேச்சைத் திருத்தி எழுதினேன். லட்சம் கிலோமீற்றர் போயிற்று. ‘குறையே இல்லை’ என்ற வாக்கியமும் போயிற்று. 360 இருக்கிறது, அதன் முள்ளோடும் கல்லோடும். அந்த மாணவியிடம் வாசிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, “நோய்க்காவி எண்டத்த இன்னும் கொஞ்சம் விளக்கி எழுதுங்க சேர், பெரியாக்களுக்கு வெளங்காது” என்றாள். அந்தப் பந்தியை அவளையே எழுதச் சொல்லியிருக்கிறேன்.