போர்த்துகீசிய இரசிகர் வழக்கில் ஆங்கிலச் சொற்கள்: இலக்கணமும் எழுத்தும்

பிறமொழிச் சொற்கள் மிகின் தம்மொழி சிதையும் என்னும் அச்சம் பிரேசிலிலும் உண்டு. 1999இல் ஆல்டோ ரெபெலோ என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் பிறமொழிச் சொற்பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் சட்ட முன்வரைவு ஒன்றை முன்வைத்தார். அதற்கு மொழியியலாளர் எழுதிய மறுப்புகளைக் கார்லோஸ் அல்பெர்ட்டோ ஃபராக்கோ 2001இல் நூலாகத் தொகுத்தார். தொடர்கள், இசைக்குழுக்கள் ஆகியவற்றின் இரசிகர்கள் இன்று வழங்கும் சொற்கள் இவ்விவாதத்தை மீண்டும் நோக்கத் தூண்டுகின்றன.

‘ரிலேஷன்ஷிப்’ என்பதன் முதற்குறையே ‘ஷிப்’. கதைமாந்தர் இருவர் காதலில் இணைய விழைதலைக் குறிக்கும் இவ்வழக்கு, 1990களில் ‘எக்ஸ் ஃபைல்ஸ்’ தொடரின் இரசிகரிடையே பரவியது. போர்த்துகீசியத்தில் இது ‘ஷிப்பார்’ என வினையாயிற்று. அம்மொழியின் வினைகள் ‘ஆர்’, ‘ஏர்’, ‘ஈர்’ என்னும் ஈறுகளால் மூவகைப்படும். புதிய வினைகள் பெரும்பாலும் முதல்வகையையே சாரும். எனவே ‘ஷிப்போ’ என்பது தன்மை ஒருமை. ‘ஷிப்பாமோஸ்’ என்பது தன்மைப் பன்மை. வரவேற்பின்றித் தோற்றலைக் குறிக்கும் ‘ஃப்ளோபார்’ என்பதும் அவ்வாறே. இரசிகர் புனைகதை எழுதுபவர் ‘ஃபன்ஃபிக்கெய்ரோ’ எனப்படுகிறார். ரொட்டி சுடுபவரைக் குறிக்கும் ‘பதெய்ரோ’ என்னும் சொல்லின் விகுதியே இங்கும் வந்துள்ளது. வேர் மட்டுமே ஆங்கிலம். திரிபும் விகுதியும் போர்த்துகீசியம். ஆகவே இலக்கணம் சிதைகிறது என்னும் வாதம் இங்கு நிற்காது.

எனினும் எழுத்து வேறொன்றை உணர்த்துகிறது. ‘ஷூட்’ என்னும் ஆங்கிலச் சொல்லிலிருந்து கால்பந்தாட்டம் வழி வந்த ‘ஷுட்டார்’ (பந்தை உதைத்தல்) முற்றிலும் போர்த்துகீசிய முறைப்படி எழுதப்பெற்றுத் தற்பவமாயிற்று. ‘ஷிப்பார்’ என்பதோ ஆங்கிலத்தின் ‘எஸ்–எச்’ கூட்டெழுத்தையும் இரட்டைப் ‘பி’யையும் பெரும்பாலும் விடாது வைத்துள்ளது. ஒற்றைப் ‘பி’ கொண்ட வடிவமும் வழங்குவது, சொல் இன்னும் நிலைபெறவில்லை என்பதைக் காட்டும். ஒலிப்புக்கு இவ்வெழுத்துகள் இன்றியமையாதன அல்ல. மூலத்தை அறிந்தோர் தம்மவரை இனங்காணும் குறியாகவே இவை நிற்கின்றன எனக் கொள்ளலாம்.

இவற்றால் இரு கருத்துகள் பெறப்படும். கடன்சொற்களின் எண்ணிக்கையைக் கொண்டு மொழியின் நலிவை அளத்தல் பொருந்தாது. அதேபோல், இலக்கணம் ஏற்றுக்கொண்டது என்பதனால் அச்சொல் எல்லார்க்கும் உரியதாயிற்று என்றும் கொள்ளலாகாது. ஆங்கிலம் அறியாத வாசகர் அவ்வெழுத்தின் முன் புறத்தே நிற்கிறார். சட்டம் நாடியது சொற்களை விலக்க. ஆய்வு வினவ வேண்டுவதோ, அச்சொற்கள் எவரை விலக்குகின்றன என்பதை.