நெய்வேலியிலிருந்து பார்க்கும்போது லிங்க்ட்இன்

2003ஆம் ஆண்டு மே மாதம் பயன்பாட்டுக்கு வந்து, 2016இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தால் 2,620 கோடி டாலருக்கு வாங்கப்பட்ட லிங்க்ட்இன், வேலை தேடுவோரும் ஆள் தேடுவோரும் தத்தம் படிப்பையும் பணி அனுபவத்தையும் எழுதிவைத்து ஒருவரையொருவர் கண்டறியும் தொழில்முறை வலைத்தளம் என்பது இன்று பரவலாக அறியப்பட்ட செய்தி. அதன் வேலை விளம்பரங்களும் செய்தியோடையும் கட்டணச் சந்தாவும் சென்னையில் எப்படியோ அப்படியே நெய்வேலியிலும் இயங்குகின்றன. செய்தியோடை, பதவி உயர்வு அறிவிப்புகளும் ஊக்க உரைகளும் நிரம்பி, பல வாரங்கள் தொடர்ந்து படிப்பவருக்கும் பயனுள்ள தகவல் அரிதாகவே கிடைக்கும் இடமாக இருக்கிறது. ஆனால் கல்வி நிறுவனங்களின் பக்கங்களில் பலரும் திறந்தே பார்க்காத ‘முன்னாள் மாணவர்’ பிரிவு, நெய்வேலியைப் போன்ற ஊரில் அடையும் மதிப்பு வேறெங்கும் எளிதில் காண முடியாதது.

இதற்கான காரணம் ஊரின் அமைப்பிலேயே உள்ளது. 1956 நவம்பரில் நிறுவனமாகப் பதிவாகி, அடுத்த ஆண்டு முதல் சுரங்கத்தைத் தோண்டத் தொடங்கிய நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம், தன் ஊழியர்களுக்காக வட்டம் வட்டமாகப் பிரித்துக் கட்டிய டவுன்ஷிப்பில், தந்தை சுரங்கத்திலும் பக்கத்து வீட்டுக்காரர் அனல் மின் நிலையத்திலும் எதிர்வீட்டுக்காரர் நிறுவன மருத்துவமனையிலும் பணிபுரிய, அவர்களது பிள்ளைகள் அதே சில பள்ளிகளில் சேர்ந்து படித்தனர். குவார்ட்டர்ஸ் பணியோடு இணைந்தது என்பதால், பணி ஓய்வு பெற்றதும் குடும்பம் வடலூருக்கோ கடலூருக்கோ புதுச்சேரிக்கோ சொந்தக் கிராமத்துக்கோ பெயர்ந்துவிடுகிறது. அதற்கு முன்பே பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றுவிட்ட பிள்ளைகளுக்கு விடுமுறையில் வந்து சந்திக்கத் தெருவே இல்லாமல் போகிறது. இப்படி ஒவ்வொரு தலைமுறையும் முழுமையாகக் கலைந்துவிடும் ஊரில், முகவரிகள் அனைத்தும் மாறிய பின்னும் மாறாமல் எஞ்சுவது பள்ளியின் பெயர் ஒன்றே.

முன்னாள் மாணவர் பிரிவு அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டே வேலை செய்கிறது. ஒரு பள்ளியின் அல்லது கல்லூரியின் பக்கத்தில் இப்பிரிவைத் திறந்தால், அங்கு படித்ததாகத் தம் பக்கத்தில் குறித்துள்ளவர்கள் எந்த ஊரில் வசிக்கிறார்கள், எந்த நிறுவனத்தில் இருக்கிறார்கள், என்ன பணி செய்கிறார்கள் என்பன எண்ணிக்கையோடு பட்டைகளாகத் தோன்றுகின்றன; ஒரு பட்டையை அழுத்தியதும் பட்டியல் அதற்கேற்பச் சுருங்கிவிடுகிறது. டவுன்ஷிப் பள்ளியில் படித்து, இப்போது பொறியியல் இறுதியாண்டில் இருக்கும் ஒரு மாணவி, பெங்களூரில் மின்கலத் துறையில் பணிபுரியும் தன் பள்ளியின் முன்னாள் மாணவர்களைச் சில நிமிடங்களில் கண்டுபிடித்து, தன் பள்ளியையும் வட்டத்தையும் இரு வரியில் சொல்லி வழிகாட்டுதல் கேட்க முடிகிறது. இலவசக் கணக்கில் இத்தகைய குறிப்போடு கூடிய தொடர்பு அழைப்புகள் மாதத்துக்குச் சிலவே அனுமதிக்கப்படுகின்றன என்பதால், அவற்றை முன்பின் தெரியாத மனிதவள அதிகாரிகளிடம் வீணாக்காமல் இந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்கே செலவிடுவது நன்று.

சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வு இதன் பயனை விளக்குகிறது. பாஸ்டன் நகரின் புறநகர் ஒன்றில், அறிமுகமானவர்கள் வழியாக வேலை பெற்றவர்களை அவர் விசாரித்தபோது, அடிக்கடி சந்திப்பவர் மூலம் பெற்றவர்கள் சுமார் 17 விழுக்காட்டினராக மட்டுமே இருந்தனர். எப்போதாவது சந்திப்பவர் மூலம் பெற்றவர்கள் சுமார் 56 விழுக்காட்டினர், அரிதாகச் சந்திப்பவர் மூலம் பெற்றவர்கள் சுமார் 28 விழுக்காட்டினர். நெருங்கியவர்களுக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். புதிய செய்தி சற்று விலகி நிற்பவர்களிடமிருந்தே வருகிறது. நெய்வேலியில் நெருக்கமான உறவுகள் அனைத்தும் ஒரே நிறுவனத்துக்குள் சுற்றுவதால் இந்த உண்மை இங்கு இரட்டிப்பாகப் பொருந்துகிறது.

இவ்வளவு அரிய கருவியை லிங்க்ட்இன் எவ்வளவு அலட்சியமாக வைத்திருக்கிறது என்பது வருத்தத்துக்குரியது. தன்விவரத்தை நிரப்பும்போது, தோன்றும் பட்டியலிலிருந்து பள்ளியைத் தேர்ந்தெடுக்காமல் பெயரைத் தாமே தட்டச்சு செய்து விட்டுவிடுபவர்கள், அப்பள்ளியின் பக்கத்தோடு இணைக்கப்படுவதில்லை. தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதும் நாட்டில், ஒரே வகுப்பறையில் அமர்ந்தவர்கள் வெவ்வேறு பள்ளிக்காரர்களாகப் பிரிந்து போகிறார்கள். பள்ளிக்குப் பக்கமே இல்லையெனில் பட்டைகளும் இல்லை. கல்லூரியை மட்டும் எழுதிவிட்டுப் பள்ளியை விட்டுவிடும் வழக்கமும் பரவலாக உள்ளது. நெய்வேலிக்காரர்கள் அவ்வரியைத் தவறாமல் சேர்க்க வேண்டும்.

மற்றொரு குறை, நிறுவன நகரியத்தில் மட்டுமே கூர்மையாக உறுத்துவது. ஒருவரது பக்கத்தைப் பார்த்தால், பார்த்தவர் இன்னாரென்று அவருக்கு அறிவிக்கப்படுகிறது. பெயரை மறைத்துப் பார்க்கும் வசதி உண்டெனினும், அதைத் தேர்ந்தால் இலவசக் கணக்குக்காரர் தம்மைப் பார்த்தவர்களை அறிய முடியாது. மேலதிகாரியே அடுத்த தெருவில் வசிக்கும் ஊரில், வேறு வேலை தேடுவதைக் காட்டும் பச்சை வளையத்தைப் படத்தைச் சுற்றி அணிவது எளிய செயலன்று. ஆள் தேடும் அதிகாரிகளுக்கு மட்டும் தெரியுமாறு அமைத்தாலும், சொந்த நிறுவனத்தாருக்குத் தெரியாது என்பதற்குத் தளம் முழு உறுதி தருவதில்லை.

சிறுதொழில் நடத்துவோருக்குப் பயன் ஓரளவே. பொதுத்துறை நிறுவனத்தின் கொள்முதல் ஒப்பந்தப்புள்ளி வழியாகவும் அரசின் மின்சந்தை வழியாகவும் நடப்பதால், லிங்க்ட்இன் பழக்கம் அங்கு ஆணை பெற்றுத் தராது. ஆயினும் சுரங்க வேலையில் தேர்ந்த ஒரு கன்வேயர் பெல்ட் ஒட்டும் ஒப்பந்ததாரர், அரியலூர் சிமெண்ட் ஆலைகளிலும் தூத்துக்குடித் துறைமுகத்திலும் பராமரிப்புப் பொறுப்பில் இருப்பவர்களைப் பெயரோடு கண்டறிய இதைவிட எளிய வழி இல்லை.

இத்தளம் முற்றிலும் கைவிட்டிருப்பது ஒப்பந்தத் தொழிலாளியை. நெய்வேலியில் ஒப்பந்ததாரர் மாறினாலும், அதே ஆள் அதே எந்திரத்தில் அதே வேலையைத் தொடர்வது வழக்கம். லிங்க்ட்இன் படிவத்திலோ அவர் வேலை ஒவ்வொரு ஒப்பந்ததாரரின் கீழும் தனித்தனிப் பணியாகத் துண்டுபடுகிறது. அந்த ஒப்பந்ததாரர்களில் பலருக்குப் பக்கமே கிடையாது. பணியின் வகையை ‘ஒப்பந்தம்’ எனக் குறிக்க இடமுண்டு. ஆனால், 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் முதன்மை வேலையளிப்பவர் என்று அழைத்த, வேலை உண்மையில் யாருடைய வளாகத்தில் யாருக்காக நடக்கிறதோ அந்த நிறுவனத்தைக் குறிக்கத் தனிக் கட்டம் இல்லை. விளைவாக, பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டரின் பற்களை இருபது ஆண்டுகளாக மாற்றிவரும் கைகாரர், அடிக்கடி வேலையை விட்டு ஓடுபவராகத் திரையில் தோற்றமளிக்கிறார்.

2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான, லிங்க்ட்இனின் 2 கோடிப் பயனர்களைக் கொண்டு நடந்த ஆய்வும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. மிதமாகத் தளர்ந்த தொடர்புகளே வேலை மாற்றத்துக்கு மிகவும் உதவுகின்றன என்று கண்ட அவ்வாய்வு, கணினிமயம் குறைந்த துறைகளில் நெருக்கமான உறவுகளே கைகொடுக்கின்றன என்றும் காட்டியது. மென்பொருள் பொறியாளரான மகளுக்குப் பள்ளித் தோழியின் அண்ணன் திரையில் கிடைக்கிறார். ஃபிட்டரான தந்தைக்கு இன்றும் மைத்துனர்தான் வேலை சொல்கிறார்.

மொழியும் தொழிலாளியைத் தடுக்கிறது. 2021 டிசம்பரில் இந்தி இடைமுகத்தை வெளியிட்ட இந்நிறுவனம், 2024இல் தெலுங்கு, வங்காளம், மராத்தி, பஞ்சாபி ஆகியவற்றைச் சேர்த்தபோது தமிழைச் சேர்க்கவில்லை. ஆந்திரத்துச் சுரங்கத் தொழிலாளி தன் மொழியில் மெனுவைப் படித்து அனுபவத்தைப் பதிவு செய்ய வழி பிறந்த ஆண்டில், நெய்வேலியின் வெல்டரும் ரிக்கரும் மகனையோ மகளையோ பக்கத்தில் அமர்த்திக்கொண்டு ஆங்கிலப் படிவத்தை நிரப்ப வேண்டியிருந்தது. தமிழ் இடைமுகமும் முதன்மை வேலையளிப்பவருக்கான ஒரு கட்டமும் வரும் வரை, மாணவருக்கும் பொறியாளருக்கும் இத்தளத்தைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். சுரங்கத் தளத்தில் நிற்பவருக்குப் பரிந்துரைக்க இயலாது.